வலிக்காத பின்னல்

சீப்பைக் கண்டாலே மகள் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். ஒரு பழைய கோட்டையைப் பார்க்கக் கிளம்பிய அன்றும் அப்படித்தான். அம்மாக்காரி தோற்றுப்போய், பரட்டைத் தலையோடே அவளைக் கூட்டி வந்தாள்.

கோட்டைக்குள் அந்தக் காலத்து ராணியின் அறைக்கு வெளியே நின்று சின்னவனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். மகளின் தலையில் படிய வாரிய நாலுகால் பின்னல்.

"யாருடி பின்னிவிட்டா?"

"உள்ள இருக்கிற அம்மா. வலிக்கவே இல்ல."

அறைக்கதவில் துருப்பிடித்த பூட்டு. கண்ணாடி வழியே ஒரு கட்டிலும் ஒரு சீப்பும் தெரிந்தன.

"அழகாத்தானே இருக்கு, விடேன்" என்றான் கணவன்.

அவளுக்கு வயிறு எரிந்தது. பெற்று ஏழு வருஷம் வளர்த்தவளிடம் ஒருநாளாவது இப்படித் தலையைக் கொடுத்திருக்கிறாளா? காரில் ஏறியதும் பின்னலை அவிழ்த்து உதறிவிட்டாள். வீடு வரும்வரை மகள் அவிழ்ந்த முடியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் மகள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். தலையில் அதே பின்னல்.

"அவ இங்கயும் வந்துட்டாளா?"

"அவங்களுக்கு உன்மேல கோவமே இல்லம்மா. 'பாவம், உங்கம்மாவுக்கு யாரு பின்னிவிடுறாங்க'ன்னுதான் என்கிட்ட கேட்டாங்க."

அம்மாக்காரியின் கை மெல்லப் பின்னங்கழுத்துக்குப் போனது. படுக்கும்போது கொண்டை போட்டிருந்த கூந்தல், நாலுகால் பின்னலாக இறுகி முதுகில் கிடந்தது.

வலிக்கவே இல்லை.