சுற்றிப் போகிற கால்

கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் தடத்தின் நடுவே ஒரு பூவாங்குறுந்தல் செடி முளைத்திருந்தது. அதன் உச்சியில் சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத ஊதாப்பூ. சங்கரபாண்டி நிறைகுடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தினமும் அதைச் சுற்றியே போனார்.

“மிதிச்சாத்தான் என்ன?” என்றாள் மனைவி உலகம்மை.

“பாவம்ளா, பூத்திருக்குல்லா.”

“பாத்திரம் தேய்க்கையில என் கைய எத்தனை தடவ மிதிச்சிருக்கிய? அப்ப வராத பாவம் இந்தச் சக்களத்தியக் கண்டதும் வந்துட்டாக்கும்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் கிணற்றுக்குத் திரும்பியதும் செடியை வேரோடு பிடுங்கி எருக்குழியில் எறிந்துவிட்டு, மண்ணைக் காலால் தேய்த்துச் சமமாக்கினாள்.

அடுத்த குடத்தோடு அவர் வந்தார். கீழே பார்க்கவில்லை. அந்த இடம் வந்ததும் கால் தானாக விலகிச் சுற்றிப் போனது.

உலகம்மை வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரிளா, கால் தட்டிரும்.”

“சுத்திப் போங்க. பழகின காலுதான.”

அவர் சுற்றிப் போனார்.

“இப்பச் சுத்துனது யாருக்கு?” என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் நின்று திரும்பினார். குடம் தளும்பி, தண்ணீர் அவள் உட்கார்ந்திருந்த மண்ணில் விழுந்தது.