மூன்றாவது குழி

மலையில் பனிச்சறுக்கு விளையாடி இறங்கி வந்த கணவனைப் பனிச்சரிவு மூடியதும், பூங்கோதை தன் மார்பிலிருந்த கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினாள். புதைந்தவனின் கருவி சைகை அனுப்பிக் கூப்பிடும், இதில் அம்புக்குறி அதை நோக்கி வழிகாட்டும். கால்மணி நேரத்துக்கு மேல் மூச்சு தாங்காது.

"உங்க அம்பு என் பக்கம் காட்டுது, அண்ணி. இங்கதான், தோண்டுங்க!" என்றான் கொழுந்தன் செழியன்.

வெறும் பனி. அவன் நகர்ந்தான், அம்பும் நகர்ந்தது.

மூன்றாவது குழியில் பனிவாரியைப் போட்டுவிட்டு அவன் ஜாக்கெட்டை இழுத்துத் திறந்தாள். உள்ளே அவன் கருவியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நீ மாத்தவே இல்லையா? இவ்வளவு நேரமும் உன்னையா தேடினேன்?"

"பதட்டத்துல, அண்ணி..."

"அணைச்சுத் தொலை."

அணைத்தான். அம்பு சட்டென்று திரும்பி, முதல் குழியிலிருந்து அவர்கள் வாரிக் கொட்டிய பனிமேட்டைக் காட்டியது.

"அண்ணி, நானும் தோண்ட வர்றேன்..."

"நீ அங்கேயே நில்லு."