ஒன்றை ஏழால் வகுத்தால்

“என்னா வாத்தியார் நீங்க?” திருத்தணிப் பள்ளிக்கூட வாசலிலேயே கத்தினாள் கன்னியம்மாள். “ஒண்ணை ஏழால வகுத்து, மீதி வராம தசமமாக்கணுமாமே! மூணு நாளா வூட்ல சோறு இல்ல, தூக்கம் இல்ல. நோட்டு பூரா நம்பருதான்!”

“நான் அந்தக் கணக்கைக் கொடுக்கலையேம்மா. உங்க கமலா கெட்டிக்காரியாச்சே, அவளா திணர்றா?” என்றார் ஜெகநாதன் வாத்தியார்.

“அவ எங்க திணர்றா? திணர்றது அவ நைனா! தறி சும்மா நிக்குது. பொட்டப்புள்ளைக்கு எட்டாவது போதும்னாரு. ‘இந்தக் கணக்கை மீதி இல்லாம முடி நைனா, படிப்பை நிறுத்திக்கறேன்’னா அவ. ‘முடிக்கிற வரைக்கும் நீ படி’ன்னு முருகன் மேல சத்தியம் பண்ணிட்டு உக்காந்தவருதான்!”

வாத்தியார் சிரித்துவிட்டார். “ஆயுசு பூரா வகுத்தாலும் அது முடியாதும்மா.”

“ஆங்? அதை அவருகிட்ட சொல்லிடாதீங்க!”

போகும் வழியில் கன்னியம்மாள் இன்னொரு நோட்டு வாங்கிக்கொண்டாள்.