விருந்தாளிப் பேச்சு

"உன் பொண்ணு இன்னிக்கும் திட்டினாளா அக்கா?" என்று கேட்டாள் வாகிரா, திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டே.

திட்டாமல் என்ன? கோவாவில், மட்காவ் ஊரிலிருந்து என் மகள் ஃபோன் செய்வதே அதற்குத்தான். வேளாவேளைக்கு மாத்திரை போடுவதில்லை, அவள் அனுப்பிய படத்தைப் பார்க்கவில்லை, ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும்.

"குடுத்து வச்சவ நீ."

எனக்குச் சுருக்கென்றது. "பெத்த பொண்ணுகிட்ட வாங்கிக் கட்டிக்கிறதுல என்னடி குடுப்பினை?"

அவள் அடுத்த இலையை எடுத்தாள்.

குவைத்தில், சால்மியாவில் இந்த வீட்டுக்கு நான் சமையல்காரி, வாகிரா மேடத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். எனக்குக் கொங்கணி, அவளுக்கு ஜாவா மொழி. நடுவில் இரண்டு பேரும் போட்டு உடைக்கும் அரபி. கை வேலையாக இருக்கும்போது, உங்கள் பாஷையில் இதற்கு என்ன, எங்கள் பாஷையில் இதற்கு என்ன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

எங்கள் ஊர்க் கொங்கணி ஒற்றை அறை வீடு. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் ஒரே சொல்: ஜெபத்தில் மாதாவுக்கும் 'தூம்', மீன்காரிக்கும் 'தூம்'. மகள் என்னைத் திட்டும்போதும் அதே 'தூம்'தான்.

அவளுடையது மாடி வீடு. கீழே வீட்டுப் பேச்சு, மேலே விருந்தாளிப் பேச்சு. சாப்பிடுவது, தூங்குவது, வருவது, போவது எல்லாவற்றுக்கும் மேலே வேறு சொல், கீழே வேறு சொல். பெரிய மனிதரை 'நீங்கள்' என்பதற்கு 'பஞ்சனெங்கன்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்று நான் கேலி செய்வேன்.

வீட்டுப் பேச்சிலும் அடிமட்டமாக, 'நீ' என்பதற்கு 'கொவே' என்று ஒன்று உண்டு. ஆட்டை விரட்டவும் சண்டை போடவும் அது. பெற்றவளை அப்படிச் சொன்ன பிள்ளையை அவர்கள் ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சின்னக் குழந்தையிடம் அம்மாவே விருந்தாளிப் பேச்சில்தான் பேசுவாளாம். அப்போதுதான் பிள்ளைக்கு மரியாதை படியும். படிந்ததும் அம்மா வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடுவாள், பிள்ளையும் கூடவே இறங்கிவிடும்.

வாகிரா இறங்குவதற்குள் விமானம் ஏறிவிட்டாள். அவள் மகள் வுலானுக்கு அப்போது ஒரு பால்பல்கூட விழுந்திருக்கவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபோனில் அதையே சொல்லிக் கொடுத்தாள். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். வுலான் நன்றாகவே கற்றுக்கொண்டாள். வளர்க்கும் சித்தியிடம் வீட்டுப் பேச்சு. பெற்ற அம்மாவிடம் விருந்தாளிப் பேச்சு.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

வாகிராவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று மேடம் கேட்டிருந்தார். இன்று சொல்லியாக வேண்டும்.

"போயேன்டி. பிள்ளைய விட்டுட்டு இங்க என்ன இருக்கு?" என்றேன்.

"போய்? நல்ல நாற்காலியாப் போட்டு, உக்காருங்க, காபி குடிக்கிறீங்களான்னு கேப்பா. அதுக்கு நான் இங்கயே இருந்துடறேன் அக்கா."

ஃபோன் அடித்தது. கையெல்லாம் அரிசி. பால்பவுடர் டின்மேல் சாய்த்துவைத்து, முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

திரையில் வுலான். தலையைத் தாழ்த்தி, குரலைத் தாழ்த்தி, மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எனக்கே புரியும். என் மகள் ஒருநாள் இப்படிப் பேசினால் நான் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவேன்.

வாகிராவும் அதே மாடிப் பேச்சில் சொன்னாள்: அம்மா வரவில்லை, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன்.

எப்போதும்போல வுலான் 'உங்கள் விருப்பம்' என்பாள் என்று நினைத்தேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பெண் நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கத்த ஆரம்பித்தாள். மூச்சுவிடாமல் கத்தினாள். பின்னால் சித்தி ஓடிவந்து வாயைப் பொத்தப் பார்க்கிறாள், கையைத் தட்டிவிட்டுக் கத்துகிறாள். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான். கொவே. திரும்பத் திரும்ப கொவே.

ஃபோன் அணைந்துவிட்டது.

வாகிரா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெற்ற தாயை இப்படியா பேசுவது என்று நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"விடுடி, சின்னப் பொண்ணு. வாய்க்கு வந்ததப் பேசிட்டா. என்ன சொன்னா?"

"'நீ ஒண்ணும் வர வேணாம், அங்கயே கெட. வந்தாலும் நான் கதவத் தொறக்க மாட்டேன்'னா." அவள் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், அழுகையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "கேட்டியா அக்கா? என்னப் போய் கொவேங்கிறா!"

ஃபோன் மறுபடி அடித்தது. வுலான்தான்.

"எடுடி. பாவம், பயந்துபோயிருக்கும். மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிடுது."

"தெரியும். மறுபடி மாடியேறி நின்னுக்கிட்டு, பஞ்சனெங்கன் மன்னிக்கணும்பா."

அவள் எடுக்கவில்லை. எழுந்து கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவிக்கொண்டு, மேடத்தின் அறைக்குப் போகும் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எடுத்து, உனக்குத் தெரிஞ்ச எங்க பாஷையில சொல்லிடு அக்கா. மிச்சத் திட்டை நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னு."