சீட்டில் விழுந்த துண்டு

மெட்ரோவை விட்டு வெளியே வரும்போதே ஆஸ்பத்திரி பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் பார்வை நேரம் முடிந்துவிடும். வார்டில் என் கிழவி வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மிதித்துப் போனால் அடுத்த நிறுத்தத்தில் அந்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வாடகை சைக்கிள் வரிசையில் ஒன்றுதான் மிச்சம். சொந்தக்காரன் இல்லாத வண்டியை நான் நம்புவதில்லை. ஆனாலும் தோள் துண்டை எடுத்து அதன் சீட்டில் வீசினேன்.

போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்த பெண்ணுக்குக் கோபம்.

"நானும் அந்த பஸ்ஸுக்குத்தான் தாத்தா. இது போன்ல திறக்கற வண்டி. துண்டு போட்டா ஆச்சா?"

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சொன்னார்: "பெரியவர் துண்டு போட்டுட்டாரும்மா. அவ்வளவுதான்."

அவள் துண்டைப் பார்த்தாள். எடுக்கக் கை வரவில்லை.

"நீ பூட்டத் திற," என்றேன். "திறந்துட்டு பின்னால ஏறு."

"மிதிச்சிருவீங்களா?"

"விழுந்தா கேளு."

சிக்னலில் மாட்டி நின்ற பஸ்ஸைத் தாண்டினோம். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நிறுத்தத்து சைக்கிள் வரிசையில் வண்டியைப் பூட்டினாள். பஸ் வந்தது. ஜனம் படியில் முட்டி மோதியது. இரண்டு பேர் எழுந்த ஜன்னலைப் பார்த்து நான் துண்டை எறிந்தேன்.

அகலமான துண்டு. இரண்டு சீட்டையும் மூடிக்கொண்டு விழுந்தது.