உரித்த டேப்

"பின்னாடி வந்தவன் இடிச்சுட்டான் சார். எழுதிக்குங்க."

முதலுதவி அறைக் கட்டிலில் படுத்தபடியே மாஸ்டர் சொன்னார். முழங்கைத் தோல் வழன்று எரிந்தது. தோள்பட்டையை அசைக்க முடியவில்லை. வெளியே ரேஸ் டிராக்கில் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டிருந்தன. அவருடைய வண்டி மட்டும் மணல்மேட்டில் மல்லாந்து கிடந்தது.

முதலுதவிக்காரர் முழங்கால்வரை ஏறிய பூட்ஸோடு குனிந்து காயத்தைத் துடைத்தார்.

"இடிச்சாரா? நிச்சயமா?"

"பின்னே? இருபத்திரண்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன். தானா விழுற ஆளா நானு?"

"இடிச்சது யாருன்னு தெரியுமா?"

"சிவப்பு வண்டி, வெள்ளை ஹெல்மெட். என் மச்சான்தான். வீட்டுக்காரியோட தம்பி."

"இந்தத் தாள் டிராக் அதிகாரி கைக்குப் போகும். இன்னிக்கு நாலு மணிக்கு ரேஸ் லைசென்ஸ் குடுக்கறாங்க. இடிச்ச ஆளுக்கு அது கிடைக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மூன்று வருஷமாக மச்சான் அந்த லைசென்ஸுக்காக நாயாய் அலைந்தது மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தருகிற மனுஷன், எறும்பு கூட குறுக்கே வராத சாலையில் தானாக விழுந்தான் என்று தெரிந்தால் வீட்டில் தலைகாட்ட முடியுமா? ஸ்கூலுக்கு எவன் வருவான்?

"யோசிச்சுட்டேன்" என்றார்.

"ம்" என்ற முதலுதவிக்காரர், பேனாவை மூடித் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

கதவு படாரென்று திறந்தது. மச்சான்! கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் வியர்வை.

"மாமா! எனக்கு உயிரே போயிடுச்சு. எங்க வலிக்குது? அக்காகிட்ட மூச்சு விடலை, பயப்படாதீங்க."

மாஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதா? சொல்லுங்க மாமா. தண்ணி வேணுமா?" மச்சான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்க வண்டியைத் தூக்கி நிறுத்திட்டு வர்றேன். கண்ணாடி மேல டேப்பே இல்ல மாமா. காலைல நான்தானே ஒட்டினேன்?"

டிராக்கில் ஓட்டுமுன் வண்டியின் கண்ணாடிகளை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். பின்னால் வருகிறவனை மறந்து முன்னால் பார்த்து ஓட்டத்தான் இந்த ஏற்பாடு. 'கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு' என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிற மாஸ்டருக்கு இந்தச் சட்டம் காலையிலேயே வேப்பங்காயாகக் கசந்திருந்தது.

"சரியா அழுத்தி ஒட்டியிருக்க மாட்டேன்" என்றான் மச்சான். "டேப் பிரிஞ்சதும் நீங்க பழக்கத்துல கண்ணாடியைப் பாத்திருப்பீங்க. விழுந்துட்டீங்க. எல்லாம் என் தப்புதான். அதிகாரிகிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா உனக்கு லைசென்ஸ்?"

"அது கிடக்குது மாமா. அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். உங்க கை சரியானா போதும்."

அவன் எழுந்து நடந்தான். மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இவனையா காட்டிக்கொடுத்தேன்? அதுவும் செய்யாத தப்புக்கு!

"நில்லுடா!"

மச்சான் திரும்பினான்.

"டேப்பை நான்தான் உரிச்சேன். உன்னை முந்தினா, உன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்னு ஆசை. முந்தினேன். கண்ணாடில உன்னையே பாத்துட்டு இருந்தேன். வளைவு வந்ததே தெரியலை. அதான் விழுந்தேன். என்னை யாரும் இடிக்கலை. ஆனா, நீ இடிச்சுட்டேன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்டா. வெட்கங்கெட்டவன் நான். சார், அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. இவன்மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவான், திட்டட்டும் என்று காத்திருந்தார்.

மச்சான் திட்டவில்லை. தலையைச் சொறிந்தான்.

"மாமா, அந்த ரவுண்டுல என் வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. நீங்க விழுந்தப்பக்கூட ஷெட்ல அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன். நீங்க என்னை எப்படி முந்தியிருப்பீங்க?"

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "அப்ப அந்த வெள்ளை ஹெல்மெட்?"

முதலுதவிக்காரர் கவிழ்த்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "கிழிக்க வேண்டாம் மாஸ்டர். உங்களை இங்க கொண்டுவந்து படுக்க வைக்கறதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சுட்டேன். உங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும்னு விதி, அதான் கேட்டேன்."

'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தது:

'கண்ணாடியில் டேப் இல்லாததால், விழக்கூடும் என்று முதல் சுற்றிலிருந்தே முதலுதவிப் பெட்டியோடு என் சிவப்பு வண்டியில் கூடவே சென்றேன். முந்திப் போக நானே வழிவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டிக்கொண்டே, தானாகவே விழுந்தார்.'