சனிக்கிழமை முறைப்பாடு

பத்மநாதன் இன்றைக்கும் ஒரு முறைப்பாட்டோடு வந்தார். தெருமுனை விளக்கு எரியவில்லையாம்.

மிச்சம் என்ற ஊரின் நூலக மூலையில் குமுதினி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். கவுன்சிலர்கள் இப்படிச் சனிக்கிழமைகளில் ஓரிடத்தில் இருப்பார்கள். தொகுதிச் சனம் யாரும் வந்து குறை சொல்லலாம். விளக்கு என்றால் கம்பத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழுது பார்க்க வருபவர் எந்தக் கம்பத்தைத் தேடுவார்? பத்மநாதன் இலக்கத்தைச் சரியாகச் சொன்னார்.

அவரைத் தவிர யாரும் வருவதில்லை. சனம் இப்போது எல்லாவற்றையும் போனிலேயே எழுதி அனுப்பிவிடுகிறது. நூலகத்துக்கு வருபவர்கள் குமுதினியிடம் கழிவறை எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள்.

ஒருமுறை மட்டும் ஒரு பெண், வாடகை வீட்டுச் சுவரில் ஈரம் ஊறுவதைச் சொல்ல வந்திருந்தாள். அன்று பத்மநாதன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார். கூச்சக்காரர் என்று குமுதினி நினைத்துக்கொண்டாள்.

மே மாதத் தேர்தலில் மறுபடி நிற்கிறாளா என்று கட்சி இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. அவளுக்கு மனமில்லை. ஆளே வராத மேசைக்கு எதற்குக் கவுன்சிலர்? ஆனால் இந்த மனிதர் பாவம். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல்தான் குறைகளைத் தேடிக்கொண்டு வருகிறார். அவரை நினைத்துத்தான் அவள் இன்னும் பதில் அனுப்பவில்லை.

"அந்த லைட் நேற்று நல்லாத்தானே எரிஞ்சுது, அண்ணை."

"எரிஞ்சுதோ? அப்ப நல்லம்."

அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. குமுதினி கட்சி கேட்டதையும், தான் விலக நினைப்பதையும் மெல்லச் சொன்னாள்.

"நான் நிக்காட்டி, சனிக்கிழமையிலை நீங்கள் எங்கை போவியள்?"

பத்மநாதன் நீண்ட மூச்சொன்று விட்டார்.

"எனக்கென்ன, வீடு நிறையப் பேரப்பிள்ளையள். உமக்காகத்தான் வாறனான். முந்தி நான் பிளேஸ்டோவிலை கவுன்சிலரா இருக்கேக்கை, என்ரை மேசைக்கு ஒருத்தரும் வரேல்லை, தங்கச்சி."